கடல்மேல் நின்ற லோசே

மெலெனைட்டேயின் பன்றி லோசே கடல்மேல் நடக்கத் தொடங்கியது கொப்பரைத் தேங்காய் ஏற்றும் கப்பல் வந்த செவ்வாய்க்கிழமை. நீர் வற்றியிருந்தபோது எல்லாப் பன்றிகளும் சிப்பி கிளறிக்கொண்டிருந்தன. நீர் ஏறியதும் மற்றவை கரைக்கு ஓடின, லோசே மட்டும் ஏறிய நீரின்மேலேயே நின்றது. மூட்டை ஏற்றியவர்கள் பார்த்தார்கள், பிறகு மிச்ச மூட்டைகளையும் ஏற்றினார்கள்.

டோங்காவின் இந்தத் தீவில் வெட்டப்போகும் பன்றிக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. மெலெனைட்டே அந்தத் தப்பைச் செய்துவிட்டாள். கணவன் செமிசி மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத வருடம், தாய் செத்த குட்டியொன்றை மடியில் போட்டுத் தேங்காய்ப்பால் புகட்டி, லோசே என்று கூப்பிட்டுவிட்டாள். செமிசி போனதிலிருந்து அவளுக்கும் கடவுளுக்கும் பேச்சில்லை. குட்டி காலடியில் படுத்து மூச்சுவிட்ட ஒரு சாயங்காலம் ஜெபம் தானாக வந்தது. அந்த மூச்சு பக்கத்தில் கேட்காமல் அதற்குப் பிறகும் அவளுக்கு ஜெபம் வந்ததில்லை. லோசேயும் வரட்டும் என்று பாதிரியார் ஞாயிறுதோறும் தேவாலயத்தின் பின்கதவைத் திறந்தே வைத்தார், அவரும் நல்ல மனிதர்தான்.

பிறகு தீவுக்குத் தலைவரான பிரபு இறந்தார். சாவு விருந்துக்கு வீட்டுக்கொரு பெரிய பன்றி கொடுப்பது முறை. ஊர் அதிகாரி ஃபிலிப்பே இடுப்பில் துக்கத்துக்குச் சுற்றும் பாயும் கையில் கயிறுமாக வந்தபோது, லோசே பவளத்திட்டுக்கு அப்பால் ஆழத்தின்மேல் நின்றிருந்தது. படகு நெருங்கினால் தள்ளிப் போனது.

"நீங்க கூப்பிட்டா வந்துரும்க்கா. உங்க வீடு மட்டுந்தான் பாக்கி. நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

"பேர் வெச்சுட்டேன் தம்பி."

"அதான் ஊரே சிரிக்குதே. கூப்பிடுங்க."

முறை தவறியவள் என்ற பேச்சு இங்கே செத்தாலும் விடாது. மெலெனைட்டே வாயைத் திறந்தாள். தன் குரலை நம்பித்தானே அது வரும் என்று நினைத்ததும் கூப்பிடாமலே அழுதுவிட்டாள். உள்ளே போய், தன் சாவில் உடலைச் சுற்றவென்று பின்னி வைத்திருந்த மெல்லிய பாயை எடுத்துவந்து, பன்றிக்குப் பதிலாக அவன் கையில் வைத்தாள். அத்தகைய பாய் எந்தப் பன்றியைவிடவும் மேல்.

ஃபிலிப்பே கயிற்றைச் சுருட்டினான். "நாளைக்கு உங்கள எதுல சுத்துறதாம்?"

"அப்பப் பாத்துக்கலாம். ஜெபத்துக்கு நேரமாச்சு."

செமிசி கிடக்கும் கடல் என்று வருடக்கணக்காக அவள் கால் நனைக்காத தண்ணீர். அதில் இறங்கினாள், தண்ணீர் தாங்கியது. லோசேயின் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். இப்போதெல்லாம் இருவரும் மாலை ஜெபத்துக்கு அங்கேதான் போகிறார்கள். படகுக்காரர்கள் அந்த நேரத்தில் கொஞ்சம் சுற்றிப் போகிறார்கள்.