பதில் வேண்டாத கேள்வி

மின்சாரக் கம்பெனி, மந்திரி, வானிலை அறிக்கை. இந்த மூன்றையும் கிளோவிஸ் பொலிடோர் நம்பியதே கிடையாது. வானிலை அறிக்கையாவது எப்போதாவது தவறிப்போய்ச் சரியாகச் சொல்லிவிடும் என்பார்.

தீவில் ஆன்ஸ் மோரோ என்ற ஊரின் கடற்கரையில் அவருக்கு ஒரு ஐஸ் கொட்டகை இருந்தது. தகரக் கூரை, உள்ளே வயதான ஒரு ஐஸ் மெஷின். படகுகள் அவரிடம் ஐஸ் வாங்கிக்கொண்டுதான் கடலுக்குப் போகும். பிடித்துக்கொண்டு வந்த மீனும் அவர் ஐஸில்தான் படுத்துக் கிடக்கும். கரன்ட் இருக்கிறவரை அவர் ராஜா. போய்விட்டால் கொட்டகை வாசலில் தண்ணீர் ஓடும், ஊர்க் கோழிகள் வந்து குடித்துவிட்டுப் போகும். போன வருஷம் மீனவர் திருவிழாவுக்கு முந்தின நாள் அப்படித்தான் ஆனது. மறுநாள் பாதிரியார் படகுகளை ஆசீர்வதித்தபோது ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. ஒரு கையில் புனிதநீர்ச் செம்பும் மறு கையில் புத்தகமும் இருந்ததால் பாதிரியாரால் மட்டும் பொத்த முடியவில்லை.

அந்தக் கோபத்தில்தான் சட்டசபைத் தேர்தலில் ஊர் மெர்லின் ஷார்லெரிக்கு ஓட்டுப் போட்டது. அதற்கு முன்னால் அவள் தீவு ரேடியோவில் சாவு அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயால் சாகாத குடும்பம் தீவில் இல்லை. நல்ல கணீர்க் குரல். அந்தக் குரலில் மந்திரியைக் கேள்வி கேட்டால் கரன்ட் தானாக வந்துவிடும் என்று ஊர் நம்பியது. ஜெயித்து எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்ததும் அவள் முதல் வேலையாகக் கேள்வி எழுதிக் கொடுத்தாள். ஆன்ஸ் மோரோவில் மின்சாரம் அடிக்கடி நின்றுபோவது ஏன், அதற்கு அரசு என்ன செய்யப்போகிறது என்பதை மின்சாரத்துறை மந்திரி சொல்வாரா? சபை நிகழ்ச்சி நிரலில் அது அச்சாகி வந்தது. ஊர்க்காரர்கள் அதை வெட்டி, ரம் கடைச் சுவரில் புனித பேதுரு படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள்.

சபை செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை காலையில் கம்பெனி லாரி வந்து நின்றது. யாரும் கூப்பிடவில்லை. கம்பியில் உரசிக்கொண்டிருந்த ஈரப்பலாக் கிளையைப் பற்றிச் சொல்லிச் சொல்லிக் கிளோவிஸுக்கு வாய் வலித்துப்போயிருந்தது. அதை வந்த வேகத்தில் வெட்டிப் போட்டார்கள்.

"யாரு சொல்லி வந்தீங்க?" என்று கிளோவிஸ் ஏணிக்குக் கீழே நின்று கேட்டார்.

"நாளைக்கு மந்திரி சபையில பதில் சொல்லணுமாம்" என்றான் ஏணிமேல் நின்றவன்.

"என்னன்னு?"

"சரி பண்ணிட்டோம்னு."

"பண்ணிட்டீங்களா?"

"அதைத்தானே பண்ணிட்டிருக்கேன் பெரியவரே. பேச்சுக் குடுக்காதீங்க, விழுந்து தொலைச்சிருவேன்."

மறுநாள் ரம் கடையில் ரேடியோவைச் சுற்றி ஊர் கூடியது. மந்திரி ஒனோரே தெலிமார் எழுந்து, தகவல் இன்னும் முழுதாகத் திரட்டப்படவில்லை, கேள்வியை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மெர்லின் வெளுத்து வாங்கினாள். ஊரும் மந்திரியின் வம்சத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஆனால் கரன்ட் மட்டும் போகவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாளும் லாரி வந்தது. பியூஸ் பெட்டியை மாற்றினார்கள். கூட்டத்தில் மறுபடியும் தள்ளிவைப்பு. அதற்கடுத்த கூட்டத்துக்கு முன்னால் சாய்ந்திருந்த கம்பத்தை நிமிர்த்தினார்கள். மறுபடியும் தள்ளிவைப்பு. இப்படியே மாசங்கள் ஓடின. ஐஸ் மெஷின் மூச்சு விடாமல் ஓடியது. கரன்ட் போகாமல் இருப்பது கிளோவிஸுக்கு உறுத்த ஆரம்பித்தது. பல்லில் வலி திடீரென்று நின்றுவிட்டால் நாக்கு அங்கேயே போய்த் தடவுமே, அது போல.

ஞாயிற்றுக்கிழமை பெலேர் என்ற ஊரிலிருந்து அவர் மச்சான் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெலேரின் சபை உறுப்பினரும் முந்தின வருஷம் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

"மந்திரி பதில் சொன்னாரா?" என்று கிளோவிஸ் கேட்டார்.

"சொல்லாம என்ன. அருமையான பதில். மலைக்கு அடியில நீராவி கொதிக்குதாம், அதை எடுத்துக் கரன்ட் பண்ணுவாங்களாம். நாங்க கைதட்டினோம்."

"அப்புறம் லாரி வந்துச்சா?"

"எதுக்கு வரணும்? பதில்தான் சொல்லியாச்சே" என்றார் மச்சான். அவர் ஊரில் அன்றைக்கும் கரன்ட் இல்லை. அதனால்தான் குளிர்ந்த பீர் தேடி இங்கே வந்திருந்தார்.

கிளோவிஸ் விரல் விட்டு நாள் எண்ணினார். திருவிழாவுக்கு முன்னால் இன்னும் ஒரு கூட்டம் இருந்தது. அதற்கான லாரி சனிக்கிழமையே வந்துவிட்டது. லாரிக்காரன் ஏணியை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தான்: இதுதான் கடைசி நடை, இந்தத் தடவை மந்திரியிடம் பதில் ரெடி. செவ்வாய்க்கிழமை பதில் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை திருவிழாவில் பாதிரியாருக்கு மறுபடியும் அதே கதிதான்.

அன்று மாலையே மெர்லின் வீட்டுக்குப் போனார். அவள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை நீ அந்தக் கேள்வியைக் கேக்காதே" என்றார்.

"என்ன மாமா இது? அதுக்குத்தானே எனக்கு ஓட்டுப் போட்டீங்க?"

"நான் உனக்குப் போடல."

"பின்ன யாருக்குப் போட்டீங்க?"

"யாருக்கும் போடல. வரிசையில நின்னேன், சீட்டை வெறுமனே மடிச்சுப் பெட்டியில போட்டுட்டு வந்தேன். எனக்கு ஓரவஞ்சனை கிடையாது."

மெர்லினுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். லாரி விஷயத்தை அவர் விவரமாகச் சொன்னார். கேள்வி தொங்குகிறவரை கரன்ட் இருக்கும், பதில் வந்தால் போய்விடும். அவள் காதில் ஏறவில்லை.

"மாமா, தீவு முழுக்க நேரடி ஒலிபரப்பு. அவரு நீராவின்னு ஆரம்பிப்பாரு. நான் விடாம துணைக் கேள்வி கேப்பேன். எந்த நீராவி, எத்தனை வருஷமா கொதிக்குது, இன்னுமா வேகலன்னு. அந்த மனுஷன் முகம் எப்படிப் போகும்னு நினைச்சுப் பாருங்க."

"ரேடியோவுல முகம் தெரியாது."

"குரல்ல தெரியும். எனக்குத் தெரியும்."

"உனக்கு அவன் முகம் கெடணும். எனக்கு என் மீன் கெடக் கூடாது. ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும்" என்று சொல்லிவிட்டு, அவள் நீட்டிய கோகோ டீயைக் குடிக்காமல் கிளோவிஸ் கிளம்பினார். வாசல் தாண்டியதும், குடித்துவிட்டே கோபித்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை சாவு வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மினி பஸ்ஸில் ஏறினார். மடியில் சாக்கில் சுற்றிய ஒரு ஐஸ் கட்டி. கோட்டையும் ஐஸையும் பார்த்துவிட்டு எதிர் சீட்டுக் காய்கறிக்காரி கேட்டாள்:

"யாரு போயிட்டாங்க?"

"இன்னும் போகல. பத்து மணிக்குத் தெரியும்."

சபை வாசலில் காவலர் சாக்கைத் திறந்து பார்த்தார். "இதை உள்ள கொண்டுபோகக் கூடாது பெரியவரே."

"எந்தச் சட்டத்துல இருக்கு?"

"சட்டத்துல ஒண்ணும் இல்ல. உள்ள கார்ப்பெட் இருக்கு."

அதற்குமேல் வாதாட முடியவில்லை. கிளோவிஸ் ஐஸ் கட்டியைச் சாக்கிலிருந்து எடுத்து, வாசல் படியின் நட்டநடுவில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார். வெயில் நேராக அடித்தது. முதலில் ஓரம் மழுங்கியது, பிறகு ஒரு வாய்க்கால் படி இறங்கியது.

மந்திரி வந்தார். கையில் தடித்த கோப்பு. பேன்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துத் தண்ணீரைத் தாண்டிக்கொண்டே, "யாருப்பா இங்க தண்ணி ஊத்தினது?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார்.

அவருக்குப் பின்னால் மெர்லின் வந்தாள். புதுச் செருப்பு, புதுச் சிவப்புக் கவுன். படியில் காலை வைக்கப் போனவள் நின்றாள். ஐஸைப் பார்த்தாள். ஒரு தேங்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பிறகு கிளோவிஸைப் பார்த்தாள். அவர் சொல்ல வேண்டியதை ஐஸ் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் புதுச் செருப்பு நனைய அந்தத் தண்ணீரிலேயே மிதித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பார்வையாளர் மாடத்தில் கிளோவிஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கீழே எல்லோரும் ஒருவரை ஒருவர் 'மாண்புமிகு' என்றார்கள். பாதிப் பேர் சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளைகள். கேள்வியின் எண் வாசிக்கப்பட்டது. மந்திரி அதற்காகவே காத்திருந்தவர் போலக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். கேள்வியைக் கேட்க மெர்லின் எழுந்தாள். மைக்கைச் சரி செய்தாள். சரி செய்த கை அங்கேயே நின்றது. அந்த மைக்குக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள் என்பது கிளோவிஸுக்குத் தெரியும். தொப்பியின் விளிம்பைக் கசக்கினார்.

"சபாநாயகர் அவர்களே" என்றாள், சாவு அறிவிப்பு வாசிக்கும் அதே குரலில். "இந்தக் கேள்வியை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கிறேன்."

பாதி எழுந்திருந்த மந்திரி முழுதும் எழுந்தார்.

"ஆனா நான் ரெடி" என்றார் மந்திரி.

சபாநாயகர் நரைத்த வக்கீல் அம்மாள். கண்ணாடியை இறக்கிக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தார். "மந்திரிங்க தள்ளிவைக்கச் சொல்லி நான் நிறையக் கேட்டிருக்கேன். கேள்வி கேட்டவங்களே சொல்லி இப்பத்தான் கேக்கிறேன். விதியில கூடாதுன்னு எழுதல. தள்ளிவைக்கிறேன்."

"அம்மா, இந்தப் பதிலுக்காக என் ஆபீஸே..."

"மாண்புமிகு மந்திரி உட்காரலாம்."

மந்திரி உட்கார்ந்தார். பொத்தானைக் கழற்ற மறந்துவிட்டதால் கோட்டு வயிற்றுக்கு மேல் எழும்பி நின்றது. எங்கோ ஒருவர் சிரித்தார், ரேடியோ வழியாகத் தீவே சிரித்தது.

அந்த வருஷத் திருவிழாவில் மீன் நாறவில்லை. பாதிரியார் மூக்கு நிறைய மூச்சை இழுத்துவிட்டுப் படகு படகாக ஆசீர்வதித்தார். முடிந்ததும் கிளோவிஸின் கொட்டகைக்கும் இரண்டு துளி தெளித்தார். மெஷின்மேல் பட்டுவிடப் போகிறது என்று கிளோவிஸ் குறுக்கே நின்றார்.

திருவிழா முடிந்த ஒரு சனிக்கிழமை, மந்திரியின் கார் கடற்கரையில் வந்து நின்றது. மந்திரி கொட்டகைக்குள் வந்து மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சிவப்பு மீன் இருக்கா பெரியவரே?"

"இருக்கு. மீனுக்கு மட்டும் வந்தீங்களா?"

மந்திரி பெருமூச்சு விட்டார். "அந்தப் பொண்ணை ஒரு தடவை கேக்கச் சொல்லுங்களேன். அவ்வளவு நல்ல பதில் அது. கோப்பு என் மேஜையில கிடந்து காயுது."

"அதுல என்ன இருக்கு?"

"நீராவி."

"எப்ப வரும்?"

"அது பதிலோட பின்பகுதி."

"வரட்டும் தம்பி. வந்ததும் கேப்பா."

மந்திரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. இப்ப எல்லா உறுப்பினருக்கும் இது புரிஞ்சுபோச்சு. ஆளாளுக்கு அவங்க ஊர் கரன்ட் பத்திக் கேள்வி போட்டுட்டாங்க. போட்டவங்களே தள்ளிவைக்கவும் சொல்றாங்க. ஒருத்தனும் பதில் கேக்க மாட்டேங்கிறான். என்கிட்ட இருக்கிறது ஒரே லாரி. அது எத்தனை ஊருக்குப் போகும்? பெலேர்க்காரனும் மறுபடி போட்டுட்டான். அடுத்த வாரம் லாரி அங்கதான்."

கிளோவிஸின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. மெஷினைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இன்னொரு லாரி வாங்குங்க."

"நிதி மந்திரி பணம் தர மாட்டேங்கிறாரு. சபையில யாராவது என்னைப் போட்டு உருட்டினாத்தான் தருவாரு. ஏன் ஒரே லாரின்னு மெர்லினைக் கேக்கச் சொல்லுங்க. நல்லாத் திட்டட்டும், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். துணைக் கேள்வி எத்தனை வேணும்னாலும் கேக்கட்டும்."

மெர்லினுக்கு இது விருந்து என்பது கிளோவிஸுக்குத் தெரியும். இருந்தாலும் மந்திரி கேட்டு எதையும் உடனே கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை. மீனை எடுத்து, பைக்குள் ஐஸைக் கொட்டி, அதன்மேல் வைத்துக் கட்டினார்.

"கேள்வியைப் போடச் சொல்றேன்" என்றார். "உங்க நிதி மந்திரி அதைப் படிச்சுப் பயப்படட்டும். ஆனா புது லாரி வந்தப்புறம்தான் அவ எழுந்து கேப்பா. அதுவரைக்கும் தள்ளிவைப்புத்தான்."

"என்னை நம்ப மாட்டீங்களா?"

கிளோவிஸ் பதில் சொல்வதற்குள் தலைக்கு மேலிருந்த பல்பு ஒரு தடவை மங்கியது. மெஷின் இருமியது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பல்பு கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் எரிந்தது. மந்திரி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நம்பாதது நான் மட்டும் இல்லபோல" என்றார் கிளோவிஸ். பையில் இன்னும் ஒரு கை ஐஸை அள்ளிப் போட்டுக் கொடுத்தார்.