கொப்பு தொங்கிய வழி

மூன்று நாளாக அந்த யானைக் கூட்டம் தண்ணீருக்கு வருவதும் ஜீப்புகளைப் பார்த்துத் திரும்புவதுமாக இருந்தது. கூட்டத்தில் பிறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டி ஒன்று. தாயின் வயிற்றுக்கடியில் கால் பின்னப் பின்ன நடந்தது. ராத்திரியில் வந்து குடிக்கட்டுமே என்றான் ஜீப் ஓட்டும் ரன்பண்டா. பால் கொடுக்கிறவளுக்கு ஒரு வேளைத் தண்ணீர் போதுமா? அவன் பெண்டாட்டியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

நான் நில்மினி. இந்தச் சரணாலயத்தில் ஜீப்புகளோடு போகும் வழிகாட்டி. காட்டு இலாகா வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. கோடையில் குளம் வற்றி நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். காட்டிலிருந்து அங்கே இறங்க, இரண்டு பாலை மரங்களுக்கு நடுவே ஒரே வழி. படம் நன்றாக விழும் என்று முப்பது ஜீப்பும் போய் அந்த வாயிலேயே அடைத்துக்கொள்ளும். 'இங்கே நிறுத்தாதீர்' என்று இலாகா வைத்த பலகை, இப்போது ரன்பண்டாவின் ஜீப்பில் கால் வைத்து ஏறுகிற பலகை.

"கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கண்ணே" என்றால், "டேய், மந்திரியம்மா சொல்லிட்டாங்க, நகருங்கடா!" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள்.

நாலாம் நாள் மதியம் காட்டு வாசலில் நின்றிருந்தோம். அங்கே ஒவ்வொரு டிரைவரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, இலைக்கொப்பு ஒன்றை ஒடித்து, காட்டைக் காக்கும் அய்யநாயக்க சாமிக்கு மரத்தில் தொங்கவிட்டுத்தான் வண்டியை உள்ளே விடுவான். சாமிக்குக் கொப்பு தொங்கும் இடத்தைத் தன் கொப்பைக் கட்டாமல் தாண்டினால் யானை அடிக்கும் என்று பயம். ரன்பண்டாவும் கண்ணை மூடிக் கும்பிட்டான். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. பலகைக்கு அடங்காதவன் இதற்கு அடங்குவான்.

"பியதிஸ்ஸ அண்ணே, நாமதான் முதல்ல போகணும். மிதிங்க!" என்றேன் எங்கள் டிரைவரிடம்.

பாலை மரங்களுக்குப் பக்கத்தில் வண்டி நின்றதும் செருப்பைக் கழற்றினேன்.

"ஏய், காட்டுக்குள்ள இறங்கினா வேலை போயிரும்!"

"போகட்டும்ண்ணே."

மரத்துக்கு ஒன்றாக இரண்டு கொப்பு தொங்கவிட்டேன். வழியை விட்டுக் கொடு சாமி என்று வாய்விட்டே கேட்டேன். பிறகு வண்டியை நூறு அடி தள்ளி நிறுத்தச் சொன்னேன். பின்சீட்டில் இருந்த கொழும்பு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"காசு கொடுத்து வந்தது இவ்வளவு தூரத்துல நின்னு பார்க்கவா?"

"பத்து நிமிஷம் பாருங்க நோனா. பிடிக்கலைன்னா புகார் எழுதுங்க, பேனா நானே தரேன்."

ரன்பண்டாதான் முன்னால் வந்தான். கொப்புகளைக் கண்டதும் பிரேக்கை அழுத்தினான். தாண்ட வேண்டுமானால் வெறுங்காலோடு இறங்கித் தன் கொப்பைக் கட்ட வேண்டும். இருபது அடியில் புதருக்குள் காதுகள் அசைந்துகொண்டிருந்தன. அவன் பயணிகள் போ போ என்று தோளைத் தட்டினார்கள். ஒரு காலை வெளியே வைத்தான். புதருக்குள் ஓர் உறுமல். கால் உள்ளே போனது, வண்டி பின்னால் போனது. அவனே பின்வாங்கிய பிறகு மற்றவர்களுக்கு எங்கிருந்து வரும் துணிச்சல்?

கூட்டம் வெளியே வந்தது. தாய் மரத்தடியில் நின்று இரண்டு கொப்பையும் இழுத்து நிதானமாக மென்றாள். பிறகு குளத்துக்குப் போய் நிறுத்தாமல் குடித்தாள். குட்டி அவள் முன்கால்களுக்கு நடுவே புகுந்து பாலைக் குடித்தது. எனக்கு அழுகை வந்தது. கொழும்பு அம்மாவும் கேமராவை மடியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது வாசலில் ரன்பண்டா காத்திருந்தான்.

"சாமி கொப்பையே தின்னுட்டாளே! நாளைக்கு என்ன பண்ணுவே?"

"மறுபடி கட்டுவேன்."

"இறங்கின சேதி ஆபீசுக்குப் போயாச்சு தெரியுமா? இன்னொரு தடவை இறங்கினா வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"அனுப்பற வரைக்கும் கட்டுவேன்."

அவன் தலையைச் சொறிந்தான். ஜீப்பிலிருந்து அந்தப் பலகையை உருவி என் காலடியில் போட்டான்.

"நாளைக்கு நீ இறங்காதே. நான் இறங்கறேன்."

"யார் கட்டினதுன்னு ஆபீசுல கேட்டா?"

"தின்னவளைக் கேக்கச் சொல்லு."