நேரில் ஆஜர்

பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் பிடிபட்டவனைப் பதினைந்து நாளுக்கொரு முறை நீதிபதி முன் நிறுத்தித்தான் காவலை நீட்டிக்க வேண்டும். இந்தக் கைதி குண்டு வைத்தானா இல்லையா என்று இன்னும் ஒரு விசாரணையும் நடக்கவில்லை. நீட்டிப்பு மட்டும் பத்து முறை நடந்துவிட்டது.

நீதிமன்றத் தட்டச்சுக்காரி பதினோராவது உத்தரவையும் காலையிலேயே அடித்து வைத்துவிட்டாள். பழையதைத் திறந்து தேதியை மாற்றினால் வேலை முடிந்தது. ‘கைதி நேரில் ஆஜர்படுத்தப்பட்டார், நலமாக இருக்கிறார், புகார் ஏதுமில்லை’ என்ற வரியில் அவள் கை வைப்பதே இல்லை. நீதிபதி மட்டும் முகத்தைப் பார்த்தா கையெழுத்துப் போடுகிறார்? கட்டோடு கட்டாகப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்.

மதியம் வேன் வந்தது. கைதியின் அக்கா தம்பிக்குத் துவைத்த சட்டையோடு காத்திருந்தவள், ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். காவலர்கள் மட்டும் இறங்கினார்கள்.

அவர்களின் அதிகாரி நேரே தட்டச்சுக்காரியின் மேசைக்கு வந்தார். “ஆர்டர் ரெடியாம்மா?”

“ஆளைக் கூட்டிட்டு வரலையா சார்?”

அவர் கண் மேசைமேல் இருந்த கோப்புக்குப் போனது.

“கொஞ்சம் இருங்க, அதுல ஒரு தப்பு இருக்கு” என்று கோப்பை இழுத்தாள். அவர் கை முந்திக்கொண்டது. ஒவ்வொரு வரியாக நிதானமாகப் படித்தார்.

“ஒரு தப்பும் இல்லம்மா. எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க.”

அதற்குள் அக்கா வாசலில் வந்து நின்றாள். “மேடம், என் தம்பிய நீங்க பாத்தீங்களா?”

தட்டச்சுக்காரி வாய் திறப்பதற்குள் அதிகாரி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“பாத்தாங்க” என்றார்.