அந்தோனியார் துண்டு

பிரான்சிஸ்காவுக்கு மாத முடிவு வரைதான் தவணை. மன்னாரில், தாழ்வுபாடு வீதியில் கடலைப் பார்த்திருந்த விருந்தினர் விடுதியில் அவளைச் சமையலுக்குச் சேர்த்தபோதே முதலாளி அப்துல் ஹமீட் அதைச் சொல்லிவிட்டார். கைப்பக்குவம் மட்டும் போதாது. பூநாரை பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரரின் மேசைக்குப் போய், இது என்ன கறி, இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரிய வேண்டும். தெரிந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அவள் வீட்டுவேலைக்குக் குவைத்துக்குப் போக வேண்டியதுதான். பாஸ்போட் எடுத்தாயிற்று. ஆறு வயது மகளை யாரிடம் விட்டுப் போவது என்பதை மட்டும் அவள் இன்னும் யோசிக்கவில்லை. யோசிக்கத் தொடங்கினால் அடுப்பில் இருப்பது கருகிப்போகும்.

மேசைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சுதர்ஷினிதான் அவளுக்குச் சொற்களைக் கற்றுக்கொடுத்தாள். கட்டுக்கரைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தாயும் தகப்பனும் வயலில் கூலி வேலை செய்கிறார்கள். அவளுடைய ஆங்கிலம் அச்சமில்லாத ஆங்கிலம்.

சமையலறையில் கையில் அகப்பட்டதெல்லாம் பாடமானது. பாண் முழுதாக இருந்தால் லோஃப், வெட்டிய துண்டு ஸ்லைஸ். தேசிக்காயில் பாதி ஹாஃப், அதையும் பிளந்தால் குவாட்டர். மீன் துண்டு பீஸ். எடுத்தது போக மிஞ்சியது ரெஸ்ட். எல்லாம் சேர்ந்திருந்தால் ஹோல், அதில் எந்தப் பகுதியானாலும் பார்ட். உள்ளிப் பல்லுக்குக் கிளோவ் என்று சுதர்ஷினி சொன்னபோது பிரான்சிஸ்கா நிறுத்திவிட்டாள்.

"அது கராம்பெல்லோ?"

"கராம்பும் கிளோவ்தான் அக்கா. உள்ளிப் பல்லும் கிளோவ்தான்."

"வெள்ளைக்காரருக்கும் சொல்லுத் தட்டுப்பாடு போல," என்றாள் பிரான்சிஸ்கா. அதற்குப் பிறகு அந்தச் சொல் அவளுக்கு மறக்கவேயில்லை.

சொற்கள் வந்தன. ஆனால் மேசையடிக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. இன்றைக்கு நீயே சொல்லு, நாளைக்கு நான் சொல்லுறன் என்று நாட்களைக் கடத்தினாள். மாதமும் முடியும் தறுவாய்க்கு வந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய் புனித அந்தோனியாருக்குரிய நாள். பள்ளிமுனையில் பிரான்சிஸ்காவின் வீட்டில் செவ்வாய்க்கிழமை மீன் வெட்டினால் முதல் துண்டு வீட்டுக்கில்லை. அது அந்தோனியார் துண்டு. சமைத்து, ஏழை ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதை எடுத்த பிறகு சட்டியில் இருப்பதைத்தான் முழு மீன் என்பார்கள். அதில் ஒரு பகுதி குறைகிறதென்று யாரும் நினைத்ததில்லை.

விடுதிக்கு வந்த பிறகும் அவள் அந்த வழக்கத்தை விடவில்லை. கறிச்சட்டியில் ஒரு துண்டு குறைந்தால் யாருக்கும் தெரியாது. சோற்றோடு அதைப் பொதி செய்து சுதர்ஷினியின் பையில் வைப்பாள். பஸ் நிலையத்தடியில் இருக்கும், கண் பார்வை போன சிங்கராசாவிடம் சுதர்ஷினி அதைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவாள்.

அன்று மதியம் பறவை பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி தணலில் சுட்ட விளைமீன் கேட்டார்கள். வெட்டாமல் ஹோலாக வேண்டுமாம் என்று சுதர்ஷினி வந்து சொன்னாள். பிரான்சிஸ்காவுக்கு அந்தச் சொல் நன்றாகவே விளங்கியது. விளங்கிய பிறகுதான் அவளுடைய கத்தி வால் பக்கத்தில் ஒரு துண்டை எடுத்தது. அதைத் தனியாகச் சுட்டுப் பொதியில் வைத்தாள். மற்றதையும் சுட்டு வாழையிலையில் கிடத்தி, வெட்டிய இடத்தில் வெங்காயமும் தேசிக்காயும் அடுக்கினாள். மறைக்க அல்ல, அப்படி வைத்தால் பார்க்க வடிவு. பிறகு சூட்டுத் தட்டைக் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது சமையலறை நடுவில் முதலாளி நின்றார். மேசையில் சுதர்ஷினியின் பை திறந்து கிடந்தது. சாப்பாட்டுத் தாள் பிரிந்து, சுட்ட வால் துண்டு வெளியே தெரிந்தது. மீனில் ஒரு பகுதி இல்லையே என்று வந்தவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்களாம். அந்த மரியாதைதான் அவருக்குத் தாங்கவில்லை. விருந்தாளியின் தட்டிலிருந்து எடுத்தாயா என்று சுதர்ஷினியிடம் கேட்டார்.

"பையில வச்சிருக்கிறது என் பொதிதாங்க, முதலாளி," என்றாள் சுதர்ஷினி.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் அவர். அவள் முன்துணியைக் கழற்றத் தொடங்கினாள்.

பிரான்சிஸ்கா கழுவிய தட்டோடு வாசலில் நின்றாள். அவள் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேசாமல் நின்றாலே போதும். மாத முடிவும் வந்துவிடும், வேலையும் கிடைத்தாலும் கிடைக்கும், மகளும் பக்கத்தில் இருப்பாள். இப்படியான நேரங்களில் கடவுள் ஒருவரையும் பிடித்துத் தள்ளுவதில்லை. காத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"முதலாளி, வெட்டினது நான். அவ கொண்டுபோய்க் குடுக்கிறவ மட்டுந்தான்."

"ஆருக்கு?"

"சிங்கராசா அண்ணைக்கு. இண்டைக்குச் செவ்வாய்."

மன்னாரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். அதற்கு மேல் விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. பிரிந்து கிடந்த சாப்பாட்டுத் தாளை மடித்து மூடினார்.

"குடுக்கிறது நல்லது, பிரான்சிஸ்கா. எங்கட மார்க்கத்திலையும் அப்பிடித்தான். ஆனா அது மேசையில இருக்கிற மனுசன்ட மீன். உன்ட மீன் இல்லை."

பிரான்சிஸ்கா இதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வீட்டில் வெட்டிய மீன் வீட்டு மீன். இங்கே மற்றவர் தட்டில் இருந்து எடுத்து, தன் புண்ணியமாகக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"போய் நீயே சொல்லு," என்றார் அவர். "நான் சொல்லமாட்டன்."

அவள் போனாள். சுதர்ஷினி பின்னால் வந்தாள். மேசையில் அந்த மீன் தொடப்படாமல் இருந்தது.

"சேர், திஸ் ஃபிஷ் நொட் ஹோல்," என்றாள் பிரான்சிஸ்கா. "ஒன் பீஸ், ஐ கட். ஃபோ புவர் மேன். திஸ் கேர்ள் நொட் டேக். சொரி."

அந்த மனிதர் கரண்டியை வைத்துவிட்டு, துண்டு இப்போது எங்கே என்று கேட்டார். கிச்சனில் என்றாள். பெரிய பகுதியா என்று அவருடைய மனைவி கேட்டாள். இல்லை, ஸ்மோல் பார்ட், ரெஸ்ட் எல்லாம் இங்கே இருக்கிறது என்று மீனைக் காட்டினாள். ஏன் அப்படிச் செய்தாய் என்ற கேள்விக்குத்தான் சொற்கள் போதவில்லை. செயின்ட் அந்தோனி, டியூஸ்டே, ஃபெர்ஸ்ட் பீஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவர்கள் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவே அவளுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

கடைசியில் அந்த மனிதர் சொன்னதைச் சுதர்ஷினியின் உதவி இல்லாமலே அவள் விளங்கிக்கொண்டாள். அந்தத் துண்டு போக வேண்டிய இடத்துக்கே போகட்டும். ஆனால் அடுத்த முறை முதலில் என்னிடம் கேள். சொல்லிவிட்டு மனைவியின் தட்டில் ஒரு பங்கு மீனைப் பிரித்து வைத்தார்.

முதலாளி கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சமையலறைக்குத் திரும்பியதும் சுதர்ஷினியிடம், முன்துணியைக் கட்டு பிள்ளை, நான் அவசரப்பட்டிட்டன் என்றார். பிறகு பிரான்சிஸ்காவைப் பார்த்தார்.

"மாத முடிவு வரைக்கும் பாக்கத் தேவையில்லை. மேசைக்குப் போய்க் கதைச்சிட்டாய். இனி நாளைக்குச் சொதியைப் பற்றியும் சொல்லு. செவ்வாய்க்கிழமையில உன்ட சாப்பாட்டிலை இருந்து எடு. போதாட்டி என்ட சாப்பாட்டிலையும் எடு. ஆனா கேட்டிட்டு எடு."

அவர் போன பிறகு, நீ ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று பிரான்சிஸ்கா கேட்டாள்.

"எனக்கு வேற வேலை தேடிக்கலாம் அக்கா. உங்க மகளுக்கு வேற அம்மாவத் தேட முடியாதுல்ல," என்றாள் சுதர்ஷினி. சொல்லிவிட்டு, கழுவாத கோப்பைகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

பிரான்சிஸ்கா தன் பங்குக்கு எடுத்து வைத்திருந்த மீனையும் அந்தப் பொதியில் வைத்துக் கட்டினாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வெறும் குழம்பை விட்டுச் சோற்றைச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்தும் கொஞ்சம் பசி இருந்தது. இத்தனை செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்குக் கொடுத்த பிறகு அவளுக்குப் பசித்தது அன்றைக்குத்தான்.