உறவு முறை என்ற கட்டம்

வாக்குச்சாவடிக்கு ஆள் போடும் வாரம் வந்தால் போதும், இல்லாத நோயெல்லாம் தலைகாட்டிவிடும். ஒருவருக்கு முதுகு வலி, இன்னொருவருக்கு மூட்டு வலி, மூன்றாமவரின் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அலுவலகமே 'பட்டியல் அக்கா' என்று கூப்பிடும் அந்தக் குமாஸ்தாவுக்குப் பத்தொன்பது வருடமாக இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொந்த ஓட்டு உள்ள சாவடியில் யாரையும் போடக்கூடாது. கைக்குழந்தை இருந்தால் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து அனுப்பக்கூடாது. வேட்பாளருக்கு உறவென்றால் பட்டியல் பக்கமே வரக்கூடாது. விதிகள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"வீட்டுப் பக்கத்துல போடுங்களேன் மேடம்," என்று காலையிலேயே ஒரு வாத்தியார் மூக்கால் அழுதார்.

"அங்கதான் சார் உங்க ஓட்டு இருக்கு. போட முடியாது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அவள் அடுத்த பெயருக்குப் போனாள்.

மதியம் வேட்பாளர்களின் இறுதிப் பட்டியல் வந்தது. ஏழாவது ஆளிடம் பார்வை நின்றது. அப்பாவின் பெயர், பழைய வீட்டு விலாசம். அவள் தம்பியேதான், சுயேச்சை.

அம்மா மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவன். அள்ளிப்போட்டதும் அவள்தான், கடைசிக் காரியம் செய்ததும் அவள்தான். கூடப்பிறந்தவர் யாருமில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்துப் பதினோரு வருடமாகிறது.

விஷயத்தைச் சொன்னதும் அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னும் நாப்பது சாவடி பாக்கிம்மா. இப்பப் போய் நீங்க விலகினா நான் எங்க போவேன்?" அவளுடைய கோப்பை எடுத்துவரச் சொல்லிப் புரட்டினார். "இதோ, உடன்பிறந்தோர் இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. யாருக்குத் தெரியப்போகுது? பேசாம வேலையப் பாருங்க."

அவளுக்கும் அதுதான் வசதி. உறவென்று படிவத்தில் எழுதிக்கொடுத்தால் அதன் நகல் எல்லா வேட்பாளருக்கும் போகும். அவனுக்கும் போகும். இத்தனை வருட வீம்பும் ஒரு தாளில் போய்விடும். அதைப் படித்து அவன் சிரிப்பான். ஆனால் உறவா இல்லையா என்றுதான் படிவம் கேட்டது. பேச்சுவார்த்தை உண்டா என்று கேட்கவில்லை.

"அது அம்மா போனப்ப கோவத்துல மாத்தி எழுதினது சார்," என்றாள்.

உறவு முறை என்ற கட்டத்தில் 'உடன்பிறந்த தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பட்டியல் அலமாரிச் சாவியை அதிகாரியின் மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் புது எண்ணிலிருந்து போன் வந்தது.

"நான்தான்."

குரல் கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான். அவள் உட்கார்ந்துகொண்டாள்.

"நகல் வந்துச்சு," என்றான். "தம்பின்னு எழுதியிருக்க."

"வேற என்னன்னு எழுதுறதாம்?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சின்ன வயதில் விழுந்து அடிபட்டால் அவன் அழுகையை அடக்குவது இப்படித்தான்.

"ரொம்ப வேலையாக்கா?"

"எங்கடா வேலை," என்றாள். "அதான் நீ நின்னு என்னை உக்கார வெச்சுட்டியே."