முழங்காலுக்கு மட்டும் வைத்தியம்

திரைச்சீலைக் கடை முதலாளி வலது காலை ஸ்டூல்மேல் நீட்டி வைத்துக்கொண்டே காலை வியாபாரத்தைப் பார்த்தார். முழங்கால் பூசணிக்காய் கணக்காக வீங்கி, தொட்டால் இஸ்திரிப் பெட்டியாகச் சுட்டது. கேட்டவர்களிடமெல்லாம், "மாடிப்படியில வழுக்கிட்டேன்" என்றார். படிக்கு வாயில்லை, பாவம், பழியைச் சுமந்தது.

அவருக்குக் குடலில் ஆறாத புண். அதை அடக்கும் மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும். காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வரவேண்டும் என்று குடல் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். சேதி வெளியே போனால் மாப்பிள்ளை வீட்டார் நழுவிவிடுவார்களே!

"மூட்டு டாக்டர்கிட்டயாவது குடல் விஷயத்தைச் சொல்லிடுங்க" என்று கெஞ்சினாள் மனைவி.

"கேட்காத குறையை எந்த வியாபாரியாவது எடுத்துக் காட்டுவானாடி? அவர் முழங்கால் டாக்டர். முழங்காலைக் காட்டினா போதும்."

துணியில் கறை இருந்தால் உள்பக்கமாக மடித்து அடுக்குவது அவர் கடைப் பழக்கம். மூட்டு டாக்டரிடம் கிளம்பும் முன் ஒரு மாத்திரை விழுங்கி, இரவெல்லாம் அடித்த காய்ச்சலையும் அப்படியே மடித்துவிட்டார். சுரமில்லை, படியில் விழுந்த கால் என்று நம்பிய டாக்டர், கட்டுப் போட்டு வலி மாத்திரையோடு அனுப்பிவிட்டார்.

இரண்டு நாளில் கட்டிலே ஆடும்படி குளிர் நடுக்கம். மச்சான்தான் அவரை அள்ளிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறாரா?" என்றாள் அவசரப் பிரிவு டாக்டரம்மா.

அந்த நிலையிலும் அவர், சொல்லாதே என்று மனைவியின் மணிக்கட்டை அழுத்தினார். அவள் உதறிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

முழங்காலில் ஊசியை இறக்கியதும் சீழ் வந்தது.

"மூட்டுக்குள்ள கிருமி. ரத்தத்துலயும் ஏறியிருக்கு. இப்பவே திறந்து கழுவணும். மூட்டு மிஞ்சுமான்னு சொல்ல முடியாது. அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே பிடிச்சிருக்கலாமே ஐயா!"

"உயிருக்கு?" என்றாள் மனைவி.

டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டு, ஆபரேஷனுக்கு உடனே தயார் செய்யச் சொன்னாள்.

அப்போது பார்த்துச் சம்பந்தியாகப் போகிறவரின் போன். "ஒண்ணுமில்லைங்க, சுளுக்குதான்" என்று மச்சான் ஆரம்பித்தான்.

"ஸ்பீக்கர்ல போடுடா!" குளிரில் பல் கிடுகிடுக்க முதலாளியே பேசினார். "சம்பந்தி, சுளுக்குன்னது பொய். எனக்குக் குடல் வியாதி. வேணும்னா விலகிக்குங்க. எம்பொண்ணைக் குறை சொல்லாதீங்க. உங்க வீட்ல யாருக்காவது இந்த வியாதி இருந்து, மூட்டு வீங்கிச் சுட்டா, ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முழு வியாதியையும், தின்ற மருந்தையும் சொல்லச் சொல்லுங்க. வியாதி வர்றதுல என்ன வெட்கம்? வைத்தியம் பார்க்கிறவங்ககிட்டயே மறைச்சேன் பாருங்க, அதுக்குத்தான் நான் வெட்கப்படணும்."