காடாத் துணியில் நான்காவது ஆள்

ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. நுழையாது என்பது அவருக்குத் தெரியாததா? லிஃப்ட் மெக்கானிக், அதே கட்டடத்தில் குடியிருக்கிறவர். அந்தக் கம்பிக் கூண்டின் நீள அகலம் அவருக்குத் தூக்கத்திலும் அத்துப்படி. ஆனாலும் ஆஸ்பத்திரி வண்டியில் வந்த இரண்டு பேரும் ஒருமுறை இடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்கள். நிமிர்த்தி வைத்தால் போகும் என்றான் அதில் ஒருவன். மெக்கானிக் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலைமாட்டுப் பக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டு, லிஃப்டைச் சுற்றிச் சுற்றி ஏறும் படிகளில் மனைவியை ஐந்தாவது மாடிக்குத் தூக்கிப் போனார்.

முந்தின நாள் காலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தோள்பையில் தூரிகைகள், சாப்பாட்டு டப்பா, கல்லூரி அடையாள அட்டை. டாக்டர் அட்டையையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, எந்தப் பாடத்துக்கு டீச்சர் என்று கேட்டார்.

"மாணவி" என்றார் மெக்கானிக். "கடைசி வருஷம்."

அதை அப்படிச் சொல்வதில் அவருக்கு எப்போதுமே ஒரு மிதப்பு உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அது குறையவில்லை.

ஐம்பதை நெருங்கும் வயதில் அவள் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டபோது குடும்பமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மெக்கானிக்கின் அண்ணன் பொத்திக்கொள்ளக்கூட இல்லை. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வங்கிக்குத்தான், மேலாண்மைக்கு இல்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் பொழுது போகவில்லை என்றால் ஸ்வெட்டர் பின்னட்டுமே என்றார். மறுவாரம் அவருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்பிவிட்டுக் கல்லூரியில் சேர்ந்தாள்.

முதல் நாள் வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்ட ஆசிரியர் நிமிர்ந்து பார்த்து, பெற்றோர் வெளியே நிற்கலாம் என்றாராம். இவள் கையை உச்சிக்கு நேராகத் தூக்கி, "இருக்கேன் சார்" என்றாளாம். அவர் அடுத்த பெயருக்குப் போய், அது முடிந்து அதற்கடுத்த பெயருக்குப் போன பிறகும் கையை இறக்கவில்லையாம். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்குப் பெயர் சீனியர். ஆன்ட்டி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். அந்தப் பசங்களை உன் பிள்ளைகள் மாதிரி என்று யாராவது உருகினாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "என் பிள்ளைங்க இல்ல. என் பேட்ச்."

கடைசி வருஷத்துக்கு நான்கு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்து காட்ட வேண்டும். இவளுடைய கூட்டாளிகள் மூன்று பேர். வாசல்படியில் தலை இடிக்கும் ஒரு நெட்டை. மூக்கிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடியோடு ஒரு பெண். பேசுவதைத் தன் சட்டைப் பொத்தானுக்கு மட்டும் சொல்கிற முணுமுணுப்பு. திட்டம் போடுகிறோம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மெக்கானிக் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அடித்துக்கொள்வார்கள். நெட்டை புரொஜெக்டர் வேண்டும் என்பான். கண்ணாடிக்காரி கண்ணாடித் துண்டுகள் என்பாள். சீனியர் மட்டும் கெட்டியான காடாத் துணிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் அவள் சொன்னதுதான் நின்றது. துணியை நான்கு பாகமாகத் தைத்துச் சேர்க்க வேண்டும். பாகத்துக்கு ஒரு ஆள் படுக்க வேண்டும். அவரவர் வீட்டில், இதுவரை வரைவதற்குக் கரித்துண்டு பிடித்தே அறியாத ஒருவர், அந்த ஆளைச் சுற்றி ஒரே ஒரு கோடு போட வேண்டும். அழிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. பிறகு அந்தக் கோடுகளுக்குள் எல்லோரும் சேர்ந்து வண்ணம் தீட்டுவார்கள், அவரவர் உருவத்தை மட்டும் தொடாமல்.

கோடுகள் கோணலாக வருமே என்றாராம் துறைத் தலைவர். "கோணலா வரணும்னுதான் சார் திட்டம்" என்றாளாம் இவள்.

மூன்று உருவங்கள் ஆகிவிட்டன. நெட்டையை அவன் அம்மா வரைந்ததில் அவன் உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. கண்ணாடிக்காரியின் தம்பி அவளுக்கு ஒரு கையில் ஆறு விரல் போட்டுவிட்டான். முணுமுணுப்பை விடுதியில், கணக்குப் படிக்கிற அறைத்தோழன் வரைந்தான். நான்காவது சீனியர். நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் வரைவதாக ஏற்பாடு. ஒரு வாரமாக உதிரிபாகம் வந்த அட்டைப்பெட்டிகளின் மேல் ஸ்பேனரை வைத்துச் சுற்றிக் கோடு போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். கை நடுங்கினால் நடுங்கட்டும், அதுவும் படத்தில் சேரும் என்று அவள் சொல்லியிருந்தாள். எப்படிப் படுப்பது என்பதையும் முடிவு செய்து வைத்திருந்தாள். வலது கை தலைக்கு மேலே, வகுப்பில் தூக்கினாளே, அது மாதிரி.

ஸ்ட்ரெச்சரோடு வாசலைத் தாண்டியதும் மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டார். அண்ணி ஓடி ஓடிக் கூடத்தை ஒழித்து, சோபாவைச் சுவரோடு தள்ளி, நடுவில் கெட்டியாக ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்திருந்தார். காடாத் துணி. பீரோ மேல் மடித்து வைத்திருந்தது. கரிக்கோடுகள் இருந்த பாகங்களை அழுக்கு என்று நினைத்து உள்ளே மடித்துவிட்டு, சுத்தமாக இருந்த நான்காவது பாகத்தை மட்டும் மேலே தெரியும்படி போட்டிருந்தார்.

மெக்கானிக் தலைமாட்டை மெல்லத் தாழ்த்தினார். அவளை அதன் மேலேயே இறக்கினார்கள்.

அண்ணி அவளுக்கு நல்ல சேலை ஒன்று கட்டிவிட்டு, தலைக்குத் தலையணை வைத்தார். இரண்டு கையையும் ஆஸ்பத்திரியிலேயே வயிற்றின் மேல் கோத்து வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் வந்து சுவரோரம் நின்றார்கள். பாவம், படிச்சு முடிக்கிறதுக்குள்ள போயிட்டா என்று ஒரு குரல் கேட்டது. இந்த வயசுல அலைஞ்ச அலைச்சல்தான் என்றது இன்னொன்று. மெக்கானிக்குக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் அந்த மூன்று பேரும் வந்தார்கள். உள்ளே நுழைந்த கண்ணாடிக்காரி சீனியரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளுக்குக் கீழே இருந்த துணியைப் பார்த்தாள். நெட்டையின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூவரும் சமையலறை வாசலில் ஒதுங்கிக் குசுகுசுவென்று பேசிக்கொண்டதை அண்ணன் கவனித்துவிட்டார். கூப்பிட்டு விசாரித்தார். விஷயம் வெளியே வந்ததும் அண்ணிக்கு முகம் சுண்டிப்போனது.

"புதுத் துணியா இருந்துச்சேன்னு எடுத்தேன் தம்பி. எனக்கு எப்படித் தெரியும்?"

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. துணி பற்றி ஒன்றும் அவசரமில்லை என்றாள் கண்ணாடிக்காரி. துறைத் தலைவர் காலையிலேயே பேசிவிட்டாராம். மூன்று உருவங்களோடு கொடுத்தால் போதுமாம். நான்காவது இடத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் சின்னதாக ஒரு போட்டோவும் பூவும் வைத்துவிடலாம், அதுவே அஞ்சலி என்றாராம்.

அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கௌரவமான யோசனை என்றார். உடனே காரியத்தில் இறங்கினார். பீரோவிலிருந்து வேறு விரிப்பு எடுக்க வேண்டும், அவளைத் தூக்கி மாற்றிப் போட வேண்டும், பசங்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். நான்கு மணிக்கு வண்டி வந்துவிடும்.

அண்ணன் உட்கார் என்றால் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உட்காருகிறவர் மெக்கானிக். அப்படியே காலம் தள்ளியவர். இப்போது அவர் எழுந்து நின்றார்.

"மாத்த வேண்டாம்ணே."

"ஏன்டா?"

"இடம் எதுக்குக் காலியா இருக்கணும்? வராதவங்க இடம்தான் காலியா இருக்கும். இவ வந்திருக்கா."

மெக்கானிக் உள்ளே போய், அலமாரியிலிருந்து கரித்துண்டுப் பெட்டியை எடுத்து வந்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்பது அண்ணனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அவர் தம்பியின் முழங்கையைப் பிடித்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"செத்தவங்களச் சுத்திக் கோடு போடறது போலீஸ்காரன் வேலைடா. நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"அவ காலேஜ் போனப்பவே எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டாங்க. இனிமே சொல்றதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல. கைய விடுங்கண்ணே."

அண்ணன் கையை விட்டார்.

மெக்கானிக் குனிந்து, நெட்டையைத் தலையைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லி, தலையணையை உருவினார். அந்தத் தலை துணியில் படும்போது சத்தமே வரவில்லை. இடது தோளில் கரியை வைத்தார். முதல் துண்டு உடைந்துவிட்டது. இரண்டாவதை எடுத்து, முட்டி போட்டு நகர்ந்துகொண்டே, தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து இடுப்பு என்று கோட்டை இழுத்துப் போனார். கை நடுங்கியது. கோடும் கூடவே நடுங்கியது. அவர் நிறுத்தவில்லை.

கால் பக்கம் வந்ததும் சேலை பரந்து கிடந்தது. எங்கே சேலை, எங்கே அவள் என்று தெரியாமல் அவர் கை நின்றது.

"இரு தம்பி" என்றார் அண்ணி. வந்து உட்கார்ந்து, சேலையை இரண்டு பக்கமும் கணுக்காலோடு ஒட்டினாற்போல் மடித்து ஒதுக்கிக் கொடுத்தார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோடு பாதங்களைச் சுற்றிக்கொண்டு, வலது பக்கமாக ஏறி, வலது தோளுக்கு வந்தது.

அங்கேதான் சிக்கல். அந்தக் கை மேலே போக வேண்டும். மெக்கானிக் அதை மெல்லத் தூக்கிப் பார்த்தார். விறைத்துவிட்டிருந்தது. இன்னொரு தடவை முயற்சி செய்யவில்லை. அவளுக்கு வலிக்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"விட்டுடலாம் அங்கிள்" என்றாள் கண்ணாடிக்காரி. "இப்படியே இருக்கட்டும்."

அவர் தலையசைத்து மறுத்தார். மனைவியின் வலது பக்கத்தில், கல்யாணமான நாளிலிருந்து படுக்கிற அதே பக்கத்தில், துணியில் உடம்பு படாதபடி ஒருக்களித்துச் சாய்ந்தார். தன் இடது கையை அவள் தோளிலிருந்து தொடங்கி, அவள் காதை ஒட்டி, தலைக்கு மேலே நீட்டி வைத்தார். வலது கையால் அதைச் சுற்றிக் கோடு போட்டார். தடித்த மணிக்கட்டு, தடித்த விரல்கள். சுண்டுவிரலில் பாதி பல வருஷத்துக்கு முன்பே ஒரு லிஃப்டின் பல்சக்கரத்தோடு போய்விட்டது. கோடு அங்கே வந்து சட்டென்று திரும்பியது.

"சீனியர் கை இப்படி இருக்காதே" என்றாள் கண்ணாடிக்காரி, அழுதுகொண்டே.

"ஆறு விரல் இருக்கலாம்னா நாலரையும் இருக்கலாம்" என்றான் முணுமுணுப்பு. அவன் குரலை அன்றுதான் அந்தக் கூடத்தில் முழுசாகக் கேட்டார்கள். நெட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சிரித்ததற்காக யாரும் அவனை முறைக்கவில்லை. மெக்கானிக்கின் உதட்டோரமும் கொஞ்சம் அசைந்தது.

கோடு கழுத்தைச் சுற்றி, தலையைச் சுற்றி, தொடங்கிய தோளுக்கே வந்து சேர்ந்தது. அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொள்ளாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. அவளைத் தூக்கியபோது துணி தரையிலேயே இருந்தது. கரி கலையாமலிருக்க நெட்டை ஏதோ ஸ்ப்ரே அடித்தான். மடித்துக் கிடந்த பாகங்களைப் பிரித்துவிட்டு, மூவரும் அதைச் சுருட்டினார்கள். சுருட்டியதும் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. அதைப் படுக்கை வாட்டில் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறப் பார்த்து, கதவில் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைப் பிடித்திருந்த மெக்கானிக் படியின் விளிம்பிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"நிமிர்த்திப் புடிங்க" என்றார். "போகும்."

அந்த லிஃப்டில் இரண்டு அறிவிப்புகள் உண்டு; இரண்டையும் மாட்டியவர் அவர்தான். நால்வர் மட்டும் என்பது ஒன்று. விளையாட்டுக்காக எல்லாப் பொத்தானையும் அழுத்தாதீர்கள், மோட்டார் கெடும் என்பது இன்னொன்று. இரண்டாவதை மீறிய எத்தனையோ சிறுவர்களை அவர் காதைத் திருகி வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

நான்காவது மாடித் திருப்பத்துக்கு அவர்கள் இறங்கி வந்தபோது லிஃப்ட் அங்கே நின்றிருந்தது. கம்பிகளுக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் அவர்களைவிட உயரமாக, நிமிர்ந்து நிற்கும் துணி. ஸ்ட்ரெச்சர் கடந்து போகும்வரை அது நகரவில்லை. பிறகு கிர்ரென்று இறங்கியது.

மூன்றாவது மாடியிலும் நின்றிருந்தது. இரண்டாவதிலும். எல்லாப் பொத்தானையும் அழுத்தியிருந்தார்கள்.

பாரம் கனத்தது. மெக்கானிக் பிடியை மாற்றிக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார்.